கோபக்காரன் கொண்டுவந்த அப்பிள்

நான் இதுவரைக்கும் எத்தனை தரம் செத்திருக்கிறேன் என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. கூத்தில் ராசா வேஷம் கட்டிச் செத்தது ஒரு பக்கம். இந்தப் பஸ்தியாம்பிள்ளையின் சாவைப் பார்க்க என்றே முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்கு ஆட்கள் வருவார்கள். வாள் குத்துப்பட்ட பிறகும் ஒரு பாட்டு முழுக்கப் பாடி, மேடையின் நாலு மூலைக்கும் தள்ளாடிப் போய்த்தான் விழுவேன். "இந்த மனிசன் விழுறதுக்கிடையிலை கிழக்கு வெளுத்திடும்" என்று என் மனைவி யூலிற்றா சொல்வாள். கலை தெரியாதவள்.

இப்போது நான் சாவது ஆஸ்பத்திரியில். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். ரகசியம் காப்பது எப்படி என்று அங்கே ஒரு பாடமே நடக்கிறது. அதையும் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். டொக்டர் சிவதர்சினி என்று கண்டாவளை ஊர்ப் பிள்ளை ஒருவர். வயல் செய்கிற குடும்பத்திலிருந்து படித்து வந்தவர், நல்ல மனம். பயிற்சிக்கு வருகிற மருத்துவ மாணவர்களுக்கு ஒழுக்கவியல் படிப்பிப்பது அவருடைய பொறுப்பு. நோயாளிக்கு உண்மை சொல்ல வேண்டும், ரகசியம் காக்க வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும் என்று அவர் படம் போட்டுச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒழுக்கமாக நித்திரை கொண்டார்களாம். கதையாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்று யாரோ ஒரு கருத்தரங்கில் சொல்ல, அன்றோடு பாடம் கதையாக மாறிவிட்டது. எங்கள் சுவாமிமாரும் ஞாயிறுதோறும் பூசையில் கதைதான் சொல்கிறார்கள், ஊரில் ஒருத்தனும் திருந்தவில்லை என்று என் வாய் நுனிவரை வந்தது. ஆனால் சம்பளம் தருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு ஒழுக்கம்தானே.

டொக்டர் எழுதிய கதை இது. செல்வநாயகம் என்று வயல் செய்கிற ஒரு கமக்காரர். அவருக்கு வயிற்றில் கான்சர். பிள்ளைகள் டொக்டரைத் தனியே பிடித்து, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மனிசன் உடைஞ்சு போவார்" என்று அழுகிறார்கள். டொக்டரும் மனம் இளகி, செல்வநாயகத்திடம் போய், "வயித்துப் புண்தான் ஐயா, பயப்பிடாதேங்கோ" என்று ஒரு பச்சைப் பொய் சொல்கிறார். செல்வநாயகம் அதை நம்பி, காணிப் பிணக்கைத் தீர்க்காமல், தங்கச்சியோடு கதைக்காமல், ஒன்றும் செய்யாமல் செத்துப்போகிறார். அந்த டொக்டர் செய்தது சரியா பிழையா? பிழை. சரியாகச் செய்வது எப்படி? அதற்குத்தான் நான். ஒவ்வொரு மாணவரும் டொக்டராக வந்து எனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் செல்வநாயகமாகப் படுத்திருப்பேன்.

படுத்திருக்கச் சொன்னார்கள் என்பதற்காகச் சும்மா படுத்திருக்க நான் என்ன மரக்கட்டையா? முதல் நாளே கட்டிலை விட்டு எழும்பி, நெஞ்சில் அடித்து, யாரும் எழுதித்தராத வசனம் ஒன்றை எடுத்துவிட்டேன். "எனக்குச் சொல்லாமல் மறைச்சனீங்கள் என்ன? என்னோடை வருஷக்கணக்காக் கதையாத கோபக்காரன் அப்பிள் வாங்கிக்கொண்டு என்ரை வாசலுக்கு வாறானெண்டா, அது என்ரை சாவுச் செய்தி இல்லாமல் வேறை என்ன டொக்டர்?"

டொக்டர் சிவதர்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கிழமை அந்த அப்பிள் கதைக்குள்ளேயே ஏறிவிட்டது.

மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் பரீட்சை போலப் புள்ளி இருந்தது. கதிரையைக் கிட்ட இழுத்தால் புள்ளி, முன்னுக்குச் சாய்ந்தால் புள்ளி, குரலைத் தாழ்த்தினால் புள்ளி, கையைத் தொட்டால் புள்ளி. ஆகவே வருகிறவன் எல்லாம் உள்ளே நுழைந்த கையோடு என் கையைப் பிடித்துவிடுவான். கிருசாந்தன் என்ற பொடியன் கடதாசிக் கைலேஞ்சிப் பெட்டியோடுதான் வருவான். நான் அழத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றை உருவி என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பான். "உங்களுக்கு இப்ப எப்பிடியான உணர்வு வருது ஐயா?" என்று கேட்பான். எனக்கு அவனை அடிக்கிற உணர்வு வரும்.

ஒரேயொரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி. டிலுசா. வருவாள், கதிரையை இழுக்க மாட்டாள், நின்றபடியே, "ஐயா, உங்களுக்குக் கான்சர். வயித்திலை. உங்கடை பிள்ளையள் சொல்லவேண்டாமெண்டவை, ஆனா இது உங்கடை உடம்பிலை வந்த வருத்தம்தானே" என்று சொல்லிவிட்டுத் தானே அழுதுவிடுவாள். ஒரு நிமிஷத்தில் என் நாடகத்தையே முடித்துவிடுவாள். எனக்கு அவளைக் கண்ணில் காட்டக் கூடாது. டொக்டரும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் புள்ளி போடாமல், "டிலுசா, உண்மையை இப்பிடி எறியக்கூடாது" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு நிஜமாகவே வயிற்றுக்குத்து வந்தது. வேலை செய்கிற இடம்தானே என்று டொக்டரிடம் சொன்னேன். வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து டொக்டர் சிவதர்சினி சிரித்துக்கொண்டே வந்து, "வயித்துப் புண்தான் ஐயா, பயப்பிடாதேங்கோ" என்றார். நானும் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வசனத்தை எங்கே கேட்டேன் என்று அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் அண்ணன் சவிரிமுத்து என் வீட்டுப் படலையைத் திறந்தார்.

அண்ணனும் நானும் கோபம். என் கடைசி மகளின் கல்யாணத்துக்கு முந்திய கோபம். கரைவலை இழுக்கிற கரைத்துண்டை நாங்கள் பாடு என்போம். எங்கள் தகப்பன், அப்பு, விட்டுப்போன கரைப்பாட்டின் எல்லை, சரிந்து கிடந்த தென்னைக்கு இங்காலா அங்காலா என்பதில் தொடங்கிய பிணக்கு அது. தென்னை எப்போதோ கடலோடு போய்விட்டது, பிணக்கு போகவில்லை. கோயிலில் அவர் மாதா பக்கம் இருந்தால் நான் அந்தோனியார் பக்கம் இருப்பேன். அப்படிப்பட்ட மனிதர், ஒரு கையில் நோயாளிக்குக் கரைத்துக் கொடுக்கிற நெஸ்டமோல்ட் மாப் பேணி, மற்றக் கையில் ஒரு பை நிறைய அப்பிள்.

அப்பிள்!

"வயிறு எப்பிடி இருக்கு?" என்றார்.

"பரவாயில்லை" என்றேன்.

கதிரையில் இருந்தார். என் முகத்தை ஏதோ கேட்க வந்தவர்போலப் பார்த்தார். இரண்டு தரம் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "சரி, வாறன்" என்று எழும்பிப் போய்விட்டார். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே உண்டாக்கிய வசனம், உருண்டையாக, சிவப்பாக, என் மேசையில் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அடையாளம்தான். என்றைக்கும் மீனின் வால் துண்டைப் போடுகிற யூலிற்றா, அன்று விளைமீன் தலையை முழுதாக என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். குசினிக்குள் போய் மூக்கை உறிஞ்சினாள். "என்னடியப்பா?" என்றால், "வெங்காயம்" என்றாள். அன்று மீனுக்கு வெறும் தேங்காய்ப்பால் சொதிதான். ஒரு சட்டிச் சொதிக்கு அழுகிற அளவுக்கு வெங்காயம் வெட்ட அவளுக்கு என்ன விசரா? ஞாயிறு பூசை முடிய, பங்குச் சுவாமி வாசலில் என்னைப் பிடித்து, "பஸ்தியாம்பிள்ளை, ஆரோடையும் மனத்தாங்கல் வைச்சிருக்காதேங்கோ. காலம் ஆருக்குக் காத்துக்கொண்டு நிக்குது?" என்று என் தோளைத் தடவினார். போன மாதம் பெருநாள் காசு விஷயத்தில் என்னோடு சண்டை பிடித்த அதே சுவாமி.

பயந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகப் பயந்தேன். மேடையில் செத்தபோதெல்லாம் ஒரு வரி பிசகியதில்லை. அன்றைக்குச் செபம் சொல்லப் போய்ப் பாதியில் வரி மறந்துவிட்டது. கடலில் போயிருந்தால் ஒரு கணத்தில் போயிருப்பேன், இப்படி எல்லோரும் என்னைச் சுற்றி நின்று பொய் சொல்ல, நடுவில் இருந்து சாக வேண்டுமா என்று நினைக்க நினைக்க, பயம் போய்க் கோபம் ஏறியது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு. மாணவர்கள் வரிசையாக இருந்தார்கள். நான் கட்டிலில் ஏறவில்லை. நேரே டொக்டர் சிவதர்சினிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மிஸ், என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. எனக்கு என்ன வருத்தம்? வயித்துப் புண்தான், பயப்பிடாதேங்கோ எண்டு சொன்னியளே, அது உங்கடை கதையிலை வாற பொய்தானே! என்ரை கோபக்காரன் அப்பிளோடை வந்திட்டுப் போட்டான். மனிசி மீன்தலை போடுறாள். சுவாமி தோளைத் தடவுறார். உலகத்துக்கெல்லாம் தெரிஞ்ச என்ரை சாவு எனக்கு மட்டும் தெரியக்கூடாதோ? நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?"

சொல்லிவிட்டு நிலத்தில் இருந்து அழுதேன். கிருசாந்தன் பாய்ந்து வந்து கைலேஞ்சியை நீட்டினான்.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

"மிஸ், இது நடிப்பில்லை" என்றேன்.

"பாருங்கோ பிள்ளையள்," என்றார் டொக்டர், கண்ணைத் துடைத்தபடி. "இண்டைக்குத்தான் செல்வநாயகம் உண்மையா உயிரோடை வந்திருக்கிறார்."

"ஐயோ மாதாவே, நான் செல்வநாயகம் இல்லை, பஸ்தியாம்பிள்ளை!" என்று கத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, 'நோயாளி தன் அடையாளத்தையே இழக்கிறார்' என்று எழுதிக்கொண்டாள்.

இதுவரை வாங்கிய கைதட்டு எல்லாவற்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் குந்தினேன். பின்னால் செருப்புச் சத்தம். டிலுசா.

"ஐயா, நீங்கள் நடிக்கேல்லை என்ன?"

"இல்லைப் பிள்ளை."

"உங்களுக்கு வயித்துப் புண்தான். கமரா விடேக்கை நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். கான்சர் இல்லை. ஆனா நீங்கள் சாராயத்தை விடாட்டி அந்தப் புண் ஓட்டையாப் போகும். பிறகு உண்மையாவே சாவியள்."

அப்படியே என் முகத்தில் எறிந்தாள். நான் நம்பினேன். இந்தப் பிள்ளை ஒரு புள்ளிக்காகக் கூட என்னிடம் பொய் சொல்லாதவள். சாராயத்தைப் பற்றிச் சொன்னதும் இன்னும் நம்பினேன். ஆறுதல் சொல்ல வந்தவள் அதைச் சொல்வாளா? எனக்கு அவளைத் தூக்கிவைத்துச் சுற்ற வேண்டும்போல இருந்தது.

"அப்ப ஏன் பிள்ளை சவிரிமுத்து எனக்கு அப்பிள் கொண்டந்தவர்?"

"ஆர், கொக்கிளாய்ச் சவிரிமுத்து ஐயாவோ? கிளினிக்குக்கு வாறவர்? ஐயோ பாவம், அவருக்குத்தானே…" என்று தொடங்கியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"அவருக்குத்தானே, என்ன?"

கண்ணால் தண்ணீர் வந்தது. "போச்சு ஐயா. ரகசியம் காக்கிற பாடத்திலையும் நான் பெயில்" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். யூலிற்றா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணைக்கு என்ன?" என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆர் சொன்னது?" என்றாள். அதுவே போதும்.

வயிற்றில். கான்சர் முற்றிவிட்டதாம். வெட்டவும் ஏலாதாம். மூன்று மகன்மாரும் டொக்டரிடம் போய்க் காலில் விழாத குறையாக அழுது, அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கத் தெரியும், சுவாமிக்குத் தெரியும், யூலிற்றாவுக்குத் தெரியும். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியாது.

"எனக்கு ஏனடி சொல்லேல்லை?"

"உங்கடை வாயைத் தெரியாதே? நேரை போய் அந்த மனிசன்ரை முகத்துக்கு முன்னாலை சொல்லிப்போடுவியள்."

"எந்த டொக்டர் அப்பிடி மறைக்க ஓமெண்டது?"

"உங்கடை கண்டாவளைப் பிள்ளைதான். அவா என்ன செய்வா? வளந்த ஆம்பிளையள் மூண்டுபேர் முன்னாலை நிண்டு குளறினா மாட்டனெண்டு சொல்ல ஆருக்குத்தான் மனம் வரும்? வயித்துப் புண்தான், பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லி அனுப்பினவாவாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். பாதியில் அது சிரிப்பாக இருக்கவில்லை. கோயிலில் இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அந்தப் பக்கம் அவர் மெலிந்துபோனதைக் கூடக் காணாமல் இருந்திருக்கிறேன். கோபமென்றால் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதானே. சரியாகச் செய்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை அண்ணனே திரும்பி வந்தார். இந்த முறை கையில் ஒன்றுமில்லை. அதே கதிரையில் இருந்தார். சேர்ட்டுக்குள் தோள் கொக்கிபோல நின்றது.

"அண்டைக்குக் கேக்கத்தான் வந்தனான்," என்றார். "வாய் வரேல்லை. எனக்கு என்ன வருத்தமெண்டு பெடியள் சொல்லுறாங்களில்லை. டொக்டர் புண் எண்டுறா. சுவாமி என்னைக் கண்டாச் செபமாலையை உருட்டுறார். வாறவையெல்லாம் பேணியும் பழமும் கொண்டந்து குவிக்கினம், வைக்க இடமில்லை. நீ ஆஸ்பத்திரியிலை நிக்கிறனீ, உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ என்ரை கோபக்காரன். எனக்கு நோகுமெண்டு நீ பொய் சொல்லமாட்டாய். அதுதான் உன்னட்டை வந்தனான். சொல்லு."

அந்த மண்டபத்தில் இதற்குச் சரியான விடை எது என்று எனக்கு மனப்பாடம். நோயாளிக்கு உண்மையை அறிய உரிமை உண்டு. அந்த உரிமைக்காக நெஞ்சில் அடித்து அடித்து என் நெஞ்சே கன்றிப்போயிருக்கிறது. நான் கதிரையைக் கிட்ட இழுத்தேன். முன்னுக்குச் சாய்ந்தேன். குரலைத் தாழ்த்தினேன். அவருடைய கையைத் தொட்டேன். வெறும் எலும்பு. முழுப் புள்ளியும் எனக்குத்தான்.

"வயித்துப் புண்தான் அண்ணை," என்றேன். "பயப்பிடாதை."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்னை அண்ணை எண்டு கூப்பிட்டு எவ்வளவு காலமடா?" என்றார். என் பிடியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப கடுமைதான் போலை."

கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பினார். "நீயும் அவங்களோடை சேந்திட்டாய். உன்னட்டை வந்ததும் வீண்" என்று படலைப் பக்கம் திரும்பினார்.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குள் எங்கேயிருந்து வந்ததோ தெரியாது.

"இருடா அங்கை!" என்று கத்தினேன். வயதில் மூத்தவனை, சொந்த அண்ணனை. "ஓம், கான்சர்தான்! வயித்திலை! வெட்டவும் ஏலாதாம்! சாகப்போறாய், அது தெரிஞ்சும் உன்ரை பெடியள் மோட்டுக்கூட்டம் மறைக்குதுகள்! செத்துப்போனாப்போலை அந்தப் பாடு உன்ரை ஆகுமெண்டு நினையாதை! தென்னைக்கு இங்காலை அவ்வளவும் என்ரை! கள்ளா, இவ்வளவு காலமும் என்ரை கரையிலையெல்லோ வலை இழுத்தனீ! நான் இன்னும் உன்னோடை சண்டை பிடிச்சு முடிக்கேல்லை, அதுக்குள்ளை நீ எங்கையடா போறாய்?"

கடைசி வசனம் உடைந்துவிட்டது. ஒரு கதிரையும் இழுக்கவில்லை, ஒரு குரலும் தாழ்த்தவில்லை. டிலுசாவைவிடக் குறைந்த புள்ளி. யூலிற்றா குசினி வாசலில் அகப்பையோடு நின்று அழுதாள், இந்த முறை வெங்காயத்தின்மேல் பழி போடவில்லை.

அண்ணன் திரும்பி வந்தார். கதிரையில் இருந்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார், கரைக்கு வலை வந்து சேர்ந்த பிறகு விடுகிற மாதிரி. கண் நிறைந்திருந்தது, ஆனால் முகம் பழைய சவிரிமுத்துவின் முகம்.

"தென்னைக்கு அங்காலைதான் எல்லை," என்றார்.

"இங்காலை."

"அப்பு எனக்குக் காட்டினவர்."

"அப்புவுக்கு அண்டைக்குச் சாராய வெறி."

மதியம் வரைக்கும் சண்டை பிடித்தோம். இடையில் அவர் எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது, டிலுசா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளைக் கேள், அவளுக்குப் பொய் வராது என்றேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பிறகு கதிரையில் சாய்ந்து, அலுமாரிக்கு மேலே நான் தொடாமல் வைத்திருந்த பேணியைக் கண்ணால் காட்டினார்.

"யூலிற்றா, அந்த நெஸ்டமோல்ட்டிலை எனக்கு ஒரு கோப்பை கரை பிள்ளை," என்றார். "அது எனக்கு வந்த பேணி."